கண்டதும் கருதியதும்: அர்ராஸியின் குறிப்புகள் தரும் பாடம்

நம் பிள்ளைகள் பலர் இன்று பல்கலைக்கழகங்களில் ஆய்வு செய்கின்றனர். ஆய்வேட்டில் அவர்களைப் பெரிதும் தடுமாறச் செய்வது ‘முடிவுகள்’ என்னும் பகுதியாகும். கண்டதைச் சொல்வதற்கும் அதற்குப் பொருள் கூறுவதற்கும் இடையிலுள்ள எல்லை அங்கேதான் குழம்புகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ரய், பக்தாத் நகரங்களில் மருத்துவமனைத் தலைவராய் விளங்கிய அபூபக்ர் முஹம்மத் இப்னு ஸகரிய்யா அர்ராஸியின் குறிப்புகள் இவ்வெல்லையைத் தெளிவாகக் காட்டுகின்றன.

தலையிலும் கழுத்திலும் நாள்கணக்கில் வலி, வெளிச்சத்தைக் கண்டால் கூச்சம், தூக்கமின்மை ஆகியவை ‘ஸிர்ஸாம்’ என்னும் மூளையழற்சி நோயின் முன்னறிகுறிகள் என அவர் எழுதினார். இத்தகைய நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு இரத்தம் வெளியேற்றினார். மற்றொரு பிரிவினரை, உண்மையை அறியும் நோக்கத்துடன், வேண்டுமென்றே அவ்வாறே விட்டுவிட்டார். முதற்பிரிவினர் தப்பினர், ஏனையோர் அனைவரையும் ஸிர்ஸாம் பற்றியது. ஆகவே இரத்தம் வெளியேற்றுவதே வழி என்று அவர் முடிவு செய்தார்.

இன்றைய மருத்துவம் அந்த முடிவை ஏற்பதில்லை. அதனால் அவர் கண்டது பொய்யாகிவிடாது. ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை பேர், அவர்கள் எவ்வாறு பிரிக்கப்பட்டனர் என்பவை அக்குறிப்பில் இல்லை. நோயின் கடுமை குறைந்தவர்கள் ஒரு பக்கம் கூடுதலாக இருந்திருக்கலாம். என்ன செய்தார், என்ன கண்டார் என்பதை அவர் எழுதிவைத்ததாலேயே இக்கேள்விகளை நம்மால் எழுப்ப முடிகிறது.

தமக்குப் பாதகமானதையும் அவர் மறைக்கவில்லை. அப்துல்லாஹ் இப்னு ஸவாதா என்பவருக்கு முறையின்றி வந்துபோன காய்ச்சலின் காரணத்தை அவரால் முதலில் உறுதிசெய்ய இயலவில்லை. பின்னர் சிறுநீரில் சீழ் வெளிப்பட்டபோதுதான் சிறுநீரகக் கட்டி எனத் தெளிந்தது. இடுப்பில் பாரம் உண்டா என்று கேட்கத் தாம் மறந்ததையும் அவர் பதிவு செய்தார்.

அவர் மறைந்தபின் இக்குறிப்புகள் ‘அல்ஹாவி’ என்னும் பெருநூலாகத் தொகுக்கப்பட்டன. 1279இல் இலத்தீனிலும் பெயர்க்கப்பட்டன. அவருடைய விளக்கங்கள் பல காலத்தால் கழிந்தன. அவர் கண்டெழுதியவை இன்றும் படிக்கப்படுகின்றன.

ஆய்வு செய்யும் நம் பிள்ளைகளும் இதை மனத்தில் கொள்ளட்டும். முடிவுகள் பகுதியில் எண்ணிக்கையையும் அளவையும் முழுமையாக எழுத வேண்டும். எதிர்பார்ப்புக்கு மாறாக வந்ததையும் விடலாகாது. அதன் பொருள் யாது என்பதை அடுத்த பகுதிக்கு ஒதுக்க வேண்டும். விளக்கம் ஆய்வாளரின் கருத்து. முடிவோ, பின்வருவோருக்காக அவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.