மர்மக் கதை கற்பித்தல்: அஞ்சல் முதல் இணையம் வரை

மர்மப் புதினம் எழுதக் கற்றுத்தரும் வகுப்புகள் இன்று இணையத்தில் மலிந்துள்ளன. இதனை இந்நூற்றாண்டின் புதுமை என்று நாம் கருதிவிடலாகாது. 1913ஆம் ஆண்டிலேயே, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இயங்கிய ஹோம் கரஸ்பாண்டன்ஸ் ஸ்கூல் என்னும் அஞ்சல்வழிக் கல்வி நிறுவனம், கரோலின் வெல்ஸ் எழுதிய 'மர்மக் கதையின் நுட்பம்' என்ற நூலை வெளியிட்டது. வெல்ஸ் தாமே துப்பறியும் புதினங்கள் பல படைத்தவர். வீட்டிலிருந்தபடியே இக்கலையைப் பயிலலாம் என்னும் எண்ணத்துக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது.

அடுத்து வந்தது விதிகளின் காலம். 1928இல் அமெரிக்க எழுத்தாளர் எஸ்.எஸ். வான் டைன் இருபது விதிகளை வகுத்தார். 1929இல் கத்தோலிக்கக் குருவான ரொனால்டு நாக்ஸ் பத்துக் கட்டளைகளை அறிவித்தார். ஒன்றுக்கு மேற்பட்ட இரகசிய வழிகள் கூடா. துப்பறிவாளனே குற்றவாளியாக இருத்தல் ஆகாது. இரட்டையர் வருவதாயின் வாசகரை முன்கூட்டியே ஆயத்தப்படுத்த வேண்டும் என்றெல்லாம் அவை கூறின. வாசகருக்குத் தடயங்களை மறைக்கலாகாது என்பதே அவற்றின் சாரம்.

இலக்கியத்துக்குப் பின்னரே இலக்கணம் பிறக்கும் என்பது நம் மரபு அறிந்த உண்மை. இங்கும் அவ்வாறே. அகதா கிறிஸ்டியின் 'ரோஜர் அக்ராய்டு கொலை' 1926இல் வெளிவந்து, இது வாசகரை ஏமாற்றும் செயலா என்ற விவாதத்தைக் கிளப்பிவிட்டிருந்தது. விதிகள் அதன் பின்னரே எழுந்தன. அவற்றை மனப்பாடம் செய்வதால் மட்டும் ஒருவர் கிறிஸ்டி ஆகிவிட முடியாது. யாப்பிலக்கணம் கற்றோர் அனைவரும் கவிஞராகிவிடாமை போன்றதே இதுவும்.

எனில் அவர்கள் எங்ஙனம் கற்றார்கள்? 1930இல் இலண்டனில் உருவான 'டிடெக்‌ஷன் கிளப்' இதற்கு விடை தருகிறது. செஸ்டர்டன் அதன் முதல் தலைவர். கிறிஸ்டியும் டோரதி சேயர்ஸும் நாக்ஸும் அதன் உறுப்பினர்கள். 1931இல் இக்குழுவினர் ஆளுக்கோர் அத்தியாயமாக 'மிதக்கும் அட்மிரல்' என்ற புதினத்தை எழுதினர். ஒவ்வொருவரும் ஒரு தீர்வை மனத்திற்கொண்டே எழுத வேண்டும். முன்னவர் விட்டுச்சென்ற சிக்கல்களையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். முன்னவர் வைத்த தடயம் பின்னவர் கண்ணில் என்னவாகத் தோன்றுகிறது என்பது உடனே வெளிப்பட்டுவிடும். இதனினும் சிறந்த பயிற்சியை நாம் அறியோம்.

மர்மக் கதைக்கென ஓர் இடர்ப்பாடு உண்டு. கொலையாளி யார் என்பதை ஆசிரியர் முன்னரே அறிவார். ஆகவே, தாம் வைத்த தடயம் வெளிப்படையாகத் துருத்தி நிற்கிறதா, கண்ணுக்கே படாமல் போகிறதா என்பதை அவரால் தாமே அறிய இயலாது. விடை அறியாத ஒருவர் படித்துச் சொல்ல வேண்டும். பட்ரீசியா ஹைஸ்மித் 1966இல் எழுதிய கையேட்டில், தமது 'கண்ணாடிச் சிறை' புதினத்தின் முதல் வடிவம் பதிப்பாளரால் மறுக்கப்பட்டதையும், அதனைத் திருத்தியெழுதியதையும் விரிவாகவே கூறுகிறார். மறுப்பும் ஒரு வாசிப்பே.

இனி இன்றைய நிலையைக் காண்போம். 2015இல் ஜேம்ஸ் பேட்டர்சனும் 2018இல் டான் பிரவுனும் மாஸ்டர்கிளாஸ் தளத்தில் காணொளிப் பாடங்கள் அளித்தனர். 2025இல் பிபிசி மேஸ்ட்ரோ, 1976இல் மறைந்த கிறிஸ்டியையே ஆசிரியராக்கியது. நடிகை ஒருவரின் நடிப்பும் செயற்கை நுண்ணறிவும் அவருடைய தோற்றத்தை உருவாக்கின. கிறிஸ்டியின் சொந்த எழுத்துகளிலிருந்தே பாடங்கள் தொகுக்கப்பட்டன. வியப்புக்குரியதே. ஆயினும் அந்தத் திரையுருவம் பேசும். மாணவர் எழுதியதைப் படிக்காது. மாணவர் எழுதி அனுப்புவதும் ஆசிரியர் திருத்தி அனுப்புவதுமே அஞ்சல்வழிக் கல்வியின் உயிர்நாடி. தபால்தலை ஒட்டிய உறைக்கு இருந்த அந்த மறுமொழி, ஒளிரும் திரையில் காணாமற் போகலாமா?

போகத்தான் வேண்டும் என்பதில்லை. 1986இல் அமெரிக்காவில் தோன்றிய 'சிஸ்டர்ஸ் இன் க்ரைம்' அமைப்பின் இணையக் கிளையான 'கப்பீஸ்', அச்சேறக் காத்திருப்போருக்காக உருவானது. அங்கே உறுப்பினர்கள் ஒருவர் கைப்பிரதியை மற்றவர் படித்துக் குறைநிறை கூறுகின்றனர். இலண்டன் குழுவினர் நேரில் செய்ததை இவர்கள் தொலைவிலிருந்து செய்கிறார்கள்.

ஆகவே, இக்கலையை இணையத்தில் பயில விழையும் இளையோர், பணம் கட்டுமுன் பாடம் நடத்துபவர் யார் என்று கேட்பதோடு நின்றுவிடலாகாது. நாம் எழுதியதை அங்கே யார் படிப்பார் என்றும் கேட்க வேண்டும். அதற்கு விடையில்லையெனில், நம்பிக்கைக்குரிய நண்பர் ஒருவரிடம் கடைசி அத்தியாயத்தை மட்டும் மறைத்துவிட்டுக் கைப்பிரதியைக் கொடுப்பது மேல்.