வேட்டைச் சன்னமும் போர்ச் சன்னமும்: ஒரு வரலாற்று நோக்கு

துப்பாக்கிச் சன்னம் இரு வேலைகளைச் செய்தல் வேண்டும். காற்றைக் கிழித்து நெடுந்தூரம் செல்லல் ஒன்று. சென்று சேர்ந்த உடலினுள்ளே தன் ஆற்றலைச் செலவிடல் மற்றொன்று. முன்னையதற்கு உறுதியும் நீட்சியும் வேண்டும். பின்னையதற்கு நெகிழ்ந்து விரியும் இயல்பு வேண்டும். இவை தம்முள் முரண்படுவன. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதலாக வேட்டைச் சன்னம் அடைந்த மாற்றங்கள் யாவும் இம்முரண்பாட்டின் விளைவுகளே எனலாம். அம்முரண்பாடு காட்டோடு நில்லாது, மனிதருள் யாரை மனிதராகக் கொள்வது என்னும் வினாவரை சென்றமையே ஈண்டு நோக்கற்பாலது.

உருண்டை வடிவான ஈயக் குண்டு காற்றின் தடையால் விரைவில் வேகமிழந்துவிடும். அதனை வலிமைப்படுத்த வேட்டைக்காரர் கண்ட வழி பருமனைக் கூட்டுதலே. 1840களில் இலங்கைக்கு வந்து நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர், பிரிஸ்டல் நகரில் தமக்கெனச் செய்வித்த றைபிள் 21 இறாத்தல் நிறையுடையது. 3 அவுன்சு உருண்டையையோ 4 அவுன்சுக் கூம்புச் சன்னத்தையோ எறியவல்லது. இவ்வளவு பெரிய கருவி இருந்தும் யானையை மிக நெருங்கிநின்றே சுடவேண்டியிருந்தது. அதே காலத்தில் மேஜர் றொஜேஸ் என்னும் ஆங்கில அதிகாரி ஒருவர் மாத்திரம் இத்தீவில் 1,000க்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றதாகக் கூறப்படுகின்றது. அது வீரமாகப் போற்றப்பட்ட காலம்.

1850களில் இலண்டன் பேர்டி நிறுவனம் வேறொரு வழியைக் காட்டியது. சன்னத்தின் நிறையைக் குறைத்து, வெடிமருந்தைக் கூட்டி, கடுகதிப் புகைவண்டியின் பெயரால் 'எக்ஸ்பிரஸ்' எனப்பட்ட றைபிள்களை அது வெளியிட்டது. வேகம் மிகவே சன்னத்தின் பாதை அதிகம் வளையாது நேர்கோட்டை அண்மியது. தூரத்தைக் கணிப்பதில் வேட்டைக்காரன் செய்யும் பிழை அவ்வளவாகப் பாதிக்கவில்லை. இவ்வகைச் சன்னத்தின் மூக்கிற் குழிவு அமைக்கப்பட்டமையால் அது உடலிற் பட்டதும் விரிந்தது. மானுக்கு இது போதும். பெரிய விலங்கிலோ தோலுக்கும் எலும்புக்கும் இடையிலேயே சிதறி, ஆழமற்ற கொடும்புண்ணை மாத்திரம் விளைவித்தது. பேக்கர் தமது 1890ஆம் ஆண்டு நூலில் குழிவுச் சன்னத்தைக் கண்டித்துத் திண்ணிய ஈயச் சன்னத்தையே வற்புறுத்தினார்.

சுவிற்சர்லாந்தின் எடுவாட் றூபின் 1882இல் ஈயத்தைச் செப்பு உறையால் மூடினார். 1884இல் பிரான்சின் போல் வியேய் புகையற்ற வெடிமருந்தை ஆக்கினார். புதிய மருந்து தந்த வேகத்தில் வெற்று ஈயம் குழலின் சுருள்வரிகளிற் பற்றாது உரிந்துபோகும். உறையிட்ட சன்னமோ அவ்வேகத்தைத் தாங்கியது. அதனால் சன்னம் ஒல்லியாகி, பழையனவற்றினும் பன்மடங்கு தூரம் சென்றது. ஆயின் அது உடலை ஊசிபோலத் துளைத்து மறுபுறம் வெளியேறியது. 1895ஆம் ஆண்டுச் சித்திரால் படையெடுப்பிற் புதிய சன்னம் பட்டும் மலைநாட்டு வீரர் வீழாது முன்னேறினர் எனப் பிரித்தானியப் படையினர் முறையிட்டனர்.

அம்முறையீட்டுக்கு விடை கல்கத்தாவுக்கு அண்மையிலுள்ள டம்டம் ஆயுதத் தொழிற்சாலையிற் பிறந்தது. அங்கு கப்டன் பேர்ட்டி கிளே என்பார் உறையின் முனையை நீக்கி ஈயத்தை வெளிக்காட்டினார். வேட்டைக்காரர் நன்கறிந்திருந்த விரியும் சன்னமே இவ்வாறு படைக்கலமாயிற்று. 1897-98ஆம் ஆண்டுகளில் எல்லைப்புறத்துத் திராப் போரில் அது மனிதர்மீது பயன்பட்டது.

ஐரோப்பாவில் எதிர்ப்பெழுந்தது. டியூபிங்கன் பல்கலைக்கழகச் சத்திரசிகிச்சைப் பேராசிரியர் புறூன்ஸ் தம் சோதனைகளின் மூலம் இத்தகைய சன்னம் விளைக்கும் கொடிய காயங்களை வெளிப்படுத்தினார். அவர் பயன்படுத்தியது ஈயம் மிகுதியாக வெளித்தெரியும் வேட்டைச் சன்னமேயன்றி டம்டம் சன்னம் அன்று எனப் பிரித்தானியர் மறுத்தனர். மறுப்பில் உண்மை உண்டு. எனினும் இரண்டும் ஒரே தத்துவத்தின் இரு அளவுகள் என்பதை அது மறைத்துவிடவில்லை.

1899ஆம் ஆண்டு ஹேக் மாநாட்டிற் பிரித்தானியப் பிரதிநிதி சேர் ஜோன் ஆர்டா முன்வைத்த வாதம் மனங்கொள்ளத்தக்கது. நாகரிகமடைந்த போர்வீரன் காயமுற்றால் விலகிக்கொள்வான். நாகரிகமற்றவனோ துளைபட்டும் பாய்ந்து வருவான் என்பது அதன் சாரம். ஆசிய, ஆபிரிக்க மக்களை வேட்டை விலங்கின் வரிசையில் நிறுத்திய வாதம் இது. 22 நாடுகள் தடையை ஆதரித்தன. பிரித்தானியாவும் அமெரிக்காவும் எதிர்த்தன. பிரித்தானியா 1907இலேயே இணங்கியது. ஆயினும் அப்பிரகடனம் கையொப்பமிட்ட நாடுகளுக்கிடையே நிகழும் போருக்கு மாத்திரமே உரியது. குடியேற்ற நாட்டு மக்கள் அதன் வாசகத்துக்கு வெளியே நின்றனர்.

இதன்பின் இருவழிகளும் பிரிந்தன. போருக்கு முழு உறை. வேட்டைக்கு விரியும் முனை. படைக்குத் தடுக்கப்பட்டது வேட்டைக்குத் தகுந்ததாகக் கொள்ளப்பட்டமைக்குக் காரணம் உண்டு: விலங்கு விரைவில் இறத்தலே அதற்குக் காட்டத்தக்க இரக்கம். கொடுக்கல் வாங்கல் மாத்திரம் நிற்கவில்லை. 1898இற் பிரெஞ்சுப் படையும் அதன்பின் ஜேர்மன் படையும் ஏற்ற கூர்முனைச் சன்னம் வேட்டைக்கும் வந்தது. தூரம் மேலும் நீண்டது. அண்மையில் மிகுவேகத்துடன் பட்ட சன்னம் சிதறும் பழைய குறையும் உடன் வந்தது. 1946இற் கனடாவில் மூஸ் என்னும் பெருமான் ஒன்றின் தோளிலே தம் சன்னம் சிதறக் கண்ட அமெரிக்கர் ஜோன் நொஸ்லர், நடுவே உலோகத் தடுப்புள்ள சன்னத்தை உருவாக்கினார். முன்பாதி விரியும், பின்பாதி குலையாது உட்செல்லும்.

நெடுந்தூரத்திலோ சிக்கல் தலைகீழாகும். விரியும் சன்னங்கள் பல வினாடிக்கு ஏறத்தாழ 550 மீற்றருக்குக் குறைந்த வேகத்திற் சரிவர விரிவதில்லை. சாதாரண வேட்டைச் சன்னம் 500 மீற்றர் அளவிலேயே அவ்வேகத்தை அடைந்துவிடக்கூடும். அதற்கப்பால் அது சித்திராலிற் கண்டவாறே ஊசியாய்த் துளைத்துச் செல்லும். விலங்கு காயத்தோடு காட்டுக்குள் மறையும். பிளாத்திக்கு முனைகளும், குறைந்த வேகத்தில் விரியும் மெல்லிய உறைகளும் இவ்வெல்லையைச் சிறிது தள்ளிவைத்துள்ளன. ஆனால் 500 மீற்றரைக் கடக்கச் சன்னத்துக்கு முக்கால் வினாடியளவு செல்லும். மேய்ந்துகொண்டிருக்கும் மான் ஓரடி எடுத்துவைக்க அவ்வளவு நேரம் போதும். இதயத்துக்கு வைத்த குறி அப்போது வயிற்றிற் படும்.