ஒரு எழுத்து மாறினால் ஊர்க் கூட்டம் இல்லை

இந்த எபிசோடில் சொல்லப் போவது, 'ஏ' எப்படி 'பி2' ஆனது என்கிற கதை.

ராமேஸ்வரம் போய்வந்தவங்களுக்குப் பாம்பன் பாலம் ஞாபகம் இருக்கும். ஆனா ராமநாதபுரம் பக்கத்துல வழுதூர்ல ஒரு மின்நிலையம் இருக்கிறதைப் பலர் கவனிச்சிருக்க மாட்டாங்க. இந்த மாவட்டத்து மண்ணுக்கடியில் கிடைக்கும் எரிவாயுவில் ஓடுவது அது. அதனால கிணறு தோண்டுறது இங்கே புதுசில்லை. எனக்கிருந்த கேள்வி வேற: தோண்டலாம்னு யார், யாரைக் கேட்டு முடிவு பண்றாங்க?

1994-ல் மத்திய அரசு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையைக் கொண்டுவந்தது. 1997-ல் அதில் மக்கள் கருத்துக்கேட்பு சேர்ந்தது. 2006-ல் வந்த புதிய அறிவிக்கை, திட்டங்களை நாடு முழுக்க ஒரே மாதிரி 'ஏ', 'பி' என்று பிரித்தது. எண்ணெய், எரிவாயுக் கிணறுகள் 'ஏ'. அதாவது டெல்லியின் அனுமதி, முழு ஆய்வறிக்கை, கருத்துக்கேட்பு மூணும் வேணும்.

2020 ஜனவரியில் ஒரு திருத்தம். ஆய்வுக் கிணறுகள் மட்டும் 'பி2'வுக்கு இறங்கின. மாநில ஆணையமே அனுமதி தரலாம். ஆய்வறிக்கை, கருத்துக்கேட்பு வேண்டாம். 'இருக்கான்னு பார்க்கத்தானே போறாங்க'ன்னு தோணலாம். ஆனா பார்க்கணும்னாலும் தோண்டித்தான் ஆகணும்.

அடுத்த மாசமே தமிழக அரசு, பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றியது. டெல்டா மாவட்டங்களுக்குக் காவல் கிடைத்தது. மழையையும் கண்மாயையும் நம்பி விவசாயம் பண்ணும் ராமநாதபுரம் அந்தப் பட்டியலில் இல்லை.

2025-ல் இங்கே 20 ஆய்வுக் கிணறுகள் தோண்ட ஓஎன்ஜிசிக்கு மாநில ஆணையம் அனுமதி தந்தது. விஷயம் வெளியே தெரிந்ததும் எதிர்ப்பு கிளம்பியது. ஆகஸ்டில் மாநில அரசு, அனுமதியைத் திரும்பப் பெறும்படி ஆணையத்தை அறிவுறுத்தியதாகச் சொன்னது. முன்னாடியே ஊரைக் கேட்டிருந்தா, இந்தச் சண்டை ஒரு கூட்டத்தில் பேச்சாக நடந்திருக்கும்.

இதை இப்போ சொல்லக் காரணம் இருக்கு. அதே ஆண்டு செப்டம்பரில் மத்திய அரசு புவிவெப்ப ஆற்றலுக்குத் தேசியக் கொள்கை வெளியிட்டது. பூமிக்குள் இருக்கும் சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்கிறது. லடாக்கின் பூகா பள்ளத்தாக்கில் அதற்கான முயற்சி நடக்குது. நல்ல விஷயம்தான். ஆனா அங்கேயும் முதல் வேலை ஆய்வுக் கிணறுதான்.

நாடு முழுக்க ஒரே விதி இருந்தா முதலீடு செய்றவருக்கும் தெளிவு, ஊருக்கும் தெளிவு. அந்த விதியில் ஊரைக் கேட்கும் நாள் எது என்பதும் எழுதியிருக்கணும். தோண்டுறதுக்கு முன்னாடி வர்ற நாளா அது இருக்கணும்.