வடக்கின் பெரும் சமர்

வடக்கின் பெரும் சமர் என்பது இலங்கையின் யாழ்ப்பாண நகரில், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் பரி. யோவான் கல்லூரிக்கும் இடையே ஆண்டுதோறும் நடைபெறும் துடுப்பாட்டப் (கிரிக்கெட்) போட்டி ஆகும். இது வடக்கின் பெரும் போர் எனவும் அழைக்கப்படுகிறது. 1904 ஆம் ஆண்டில் தொடங்கிய இப்போட்டி, இலங்கையில் "பெரும் போட்டி" என்று வழங்கப்படும் பாடசாலைத் துடுப்பாட்ட மரபைச் சேர்ந்தது. இன்று மத்திய கல்லூரி அரசின் தேசியப் பாடசாலையாகவும், பரி. யோவான் கல்லூரி தனியார் பாடசாலையாகவும் விளங்குகின்றன. இதனால் இப்போட்டி அரசுப் பள்ளி ஒன்றுக்கும் தனியார் பள்ளி ஒன்றுக்கும் இடையிலான நீண்டகாலப் போட்டியாகவும் அமைந்துள்ளது. எனினும் போட்டி தொடங்கிய காலத்தில் இவ்வேறுபாடு இருக்கவில்லை. அப்போது இரண்டுமே கிறித்தவத் திருச்சபைகள் நடத்திய பள்ளிகளாக இருந்தன.

இலங்கையில் "கல்லூரி" என்ற பெயர் பட்டப்படிப்பு நிறுவனங்களை மட்டும் குறிப்பதன்று. உயர்தர வகுப்பு வரை கற்பிக்கும் பெரிய பாடசாலைகளும் இப்பெயரைக் கொண்டுள்ளன. இப்போட்டியில் விளையாடுவோர் 19 வயதுக்குட்பட்ட பள்ளி மாணவர்கள் ஆவர்.

இரு கல்லூரிகள்

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி 1816 ஆம் ஆண்டில் வெசுலியன் மெதடித்த மிசனரிமாரால் ஆங்கிலப் பாடசாலையாகத் தொடங்கப்பட்டது. 1834 இல் பீற்றர் பேர்சிவல் பாதிரியார் காலத்தில் "மத்திய" என்னும் பெயரைப் பெற்றது. ஆறுமுக நாவலர் இப்பள்ளியில் பயின்று, பின்னர் இங்கேயே ஆசிரியராகவும் பணியாற்றினார். பேர்சிவலின் விவிலிய மொழிபெயர்ப்புப் பணியில் அவர் துணை புரிந்ததும் இக்காலத்திலேயே ஆகும். கல்லூரி நகரின் மையப் பகுதியில், யாழ்ப்பாணக் கோட்டைக்கும் யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கும் அண்மையில் அமைந்துள்ளது.

பரி. யோவான் கல்லூரி 1823 ஆம் ஆண்டில் இங்கிலாந்துத் திருச்சபையின் சேர்ச் மிசனரி சங்கத்தால் நல்லூரில் தொடங்கப்பட்டது. இதனை நிறுவியவர் யோசப் நைற் பாதிரியார். பள்ளி பின்னர் நகரின் தென்கிழக்கில் உள்ள சுண்டிக்குளிக்கு மாற்றப்பட்டு, 1891 இல் தற்போதைய பெயரைப் பெற்றது.

இரு கல்லூரிகளுக்கும் தனித்தனியே சகோதரிப் பாடசாலைகள் உள்ளன. மத்திய கல்லூரிக்கு வேம்படி மகளிர் கல்லூரியும், பரி. யோவான் கல்லூரிக்குச் சுண்டிக்குளி மகளிர் கல்லூரியும் அவ்வாறு கருதப்படுகின்றன. இவற்றுள்ளும் முன்னையது அரசுப் பள்ளி. பின்னையது தனியார் பள்ளி.

போட்டி மரபு

பள்ளிகளுக்கிடையே ஆண்டுதோறும் ஒரே எதிரணியுடன் விளையாடும் வழக்கம் இங்கிலாந்தில் தோன்றியது. ஈற்றன், ஆரோ ஆகிய பள்ளிகள் முதன்முதலாக 1805 இல் மோதின. ஆத்திரேலியாவின் அடிலெயிட் நகரில் புனித பேதுரு கல்லூரிக்கும் இளவரசர் அல்பிரட் கல்லூரிக்கும் இடையிலான போட்டி 1878 இல் தொடங்கியது. கொழும்பில் றோயல் கல்லூரிக்கும் புனித தோமையார் கல்லூரிக்கும் இடையிலான போட்டி 1879 இல் தொடங்கியது. முதல் ஆண்டில் ஆசிரியர்களும் கலந்துகொண்ட இப்போட்டியில், 1880 முதல் மாணவர்கள் மட்டுமே விளையாடி வருகின்றனர்.

கொழும்புப் போட்டிக்கும் யாழ்ப்பாணப் போட்டிக்கும் இடையே முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. றோயல் கல்லூரி 1836 முதல் அரசின் பொறுப்பில் இருந்துவரும் பள்ளி. புனித தோமையார் கல்லூரி 1851 இல் ஆயர் சாப்மனால் நிறுவப்பட்ட தனியார் பள்ளி. எனவே அங்கு அரசு, தனியார் என்ற வேறுபாடு தொடக்கம் முதலே இருந்தது. யாழ்ப்பாணத்தில் அது போட்டி தொடங்கி அரை நூற்றாண்டு கடந்த பின்னரே ஏற்பட்டது.

பாடசாலைகள் அரசுடைமையாதல்

1904 இல் மத்திய கல்லூரியும் பரி. யோவான் கல்லூரியும் உதவி பெறும் பாடசாலைகளாக இருந்தன. நிருவாகம் திருச்சபைகளிடம் இருக்க, அரசு மானியம் வழங்கியது. மாணவர்களிடம் கட்டணமும் பெறப்பட்டது. 1945 இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தது.

1960 சூலையில் பதவியேற்ற சிறிமாவோ பண்டாரநாயக்கா அரசு, 1960 இன் 5 ஆம் இலக்கச் சட்டத்தாலும் 1961 இன் 8 ஆம் இலக்கச் சட்டத்தாலும் உதவி பெறும் பாடசாலைகளின் முகாமையையும் பின்னர் அவற்றின் சொத்துகளையும் பொறுப்பேற்றது. பெரிய பாடசாலைகளுக்கு மட்டும் ஒரு தெரிவு விடப்பட்டது. அரசிடம் தம்மை ஒப்படைத்தல் அல்லது அரசு உதவியைத் துறந்து தனியார் பள்ளிகளாகத் தொடர்தல் என்பதே அத்தெரிவு.

மத்திய கல்லூரி அரசின் பொறுப்பில் சென்றது. பரி. யோவான் கல்லூரி தனியார் பள்ளியாகத் தொடர முடிவு செய்தது. இம்முடிவுகளின் விளைவுகள் இரு பள்ளிகளிலும் வெவ்வேறாக அமைந்தன.

மத்திய கல்லூரியில் ஆசிரியர் ஊதியத்தை அரசு ஏற்றது. அதிபரையும் ஆசிரியர்களையும் நியமிக்கும் உரிமையும் இடமாற்றும் உரிமையும் அரசிடம் சென்றன. மாணவர் சேர்க்கை அரசின் விதிகளுக்கு உட்பட்டது.

பரி. யோவான் கல்லூரியில் நியமன உரிமையும் சமயச் சூழலும் திருச்சபையிடமே நிலைத்தன. ஆனால் மானியம் இல்லாமற்போனதால் பள்ளியை நடத்தும் பொருட்சுமை திருச்சபையின் மீதும் பழைய மாணவர்கள் மீதும் விழுந்தது. இத்தகைய தனியார் பள்ளிகளில் பலவற்றுக்கு ஆசிரியர் ஊதிய உதவியை அரசு பிற்காலத்தில் மீண்டும் வழங்கியது.

ஒரே நகரில், ஒரே வகைப் பள்ளிகளாக இருந்த இரண்டும் இவ்வாறு இரு வேறு முறைகளுக்குள் சென்றபோதும், ஆண்டுப் போட்டி கைவிடப்படவில்லை. இருவகைப் பள்ளிகளையும் ஒரே மைதானத்தில் தொடர்ந்து சந்திக்கச் செய்தமை இப்போட்டியின் சிறப்பு எனலாம்.

போர்க்காலம்

1980களில் தொடங்கிய உள்நாட்டுப் போர் இரு கல்லூரிகளையும் பாதித்தது. மத்திய கல்லூரிக்கு அண்மையில் உள்ள பொது நூலகம் 1981 ஆம் ஆண்டு மே 31 இரவு தொடங்கி எரிக்கப்பட்டது. இராணுவத்தினர் நிலைகொண்டிருந்த கோட்டையைச் சுற்றி நிகழ்ந்த மோதல்களால் கல்லூரி அமைந்திருந்த பகுதி பெரும் சேதமடைந்தது.

பரி. யோவான் கல்லூரியின் அதிபர் சி. ஈ. ஆனந்தராசன் 1985 ஆம் ஆண்டு சூன் 26 அன்று யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அம்மாதம் போர்நிறுத்தம் நடைமுறையில் இருந்தது. பாடசாலை மாணவர்களுக்கும் இலங்கைப் படையினருக்கும் இடையே துடுப்பாட்டப் போட்டி ஒன்றை ஒழுங்கு செய்ததே அவர் கொல்லப்பட்டதற்குக் காரணம் எனக் கூறப்படுகிறது. தமிழீழ விடுதலைப் புலிகளே இக்கொலையைச் செய்தனர் என்று மனித உரிமை அமைப்புகளின் பதிவுகள் குறிப்பிடுகின்றன. யாருடன் விளையாடுவது என்பதே உயிருக்கு ஆபத்தான அரசியல் வினாவாக மாறிய காலத்தை இந்நிகழ்வு காட்டுகிறது.

1995 அக்டோபர் இறுதியில் வலிகாமம் பகுதி மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தபோது நகரின் பள்ளிகளும் வெறுமையாயின. மக்கள் திரும்பிய பின்னர் பள்ளிகள் மீண்டும் இயங்கத் தொடங்கின. போர் 2009 மே மாதத்தில் முடிவடைந்தது. அதன் பின்னர், வெளிநாடுகளில் வாழும் பழைய மாணவர்கள் போட்டியைக் காண யாழ்ப்பாணம் வருவது எளிதாயிற்று.

நடைமுறை

போட்டி வழமையாக மார்ச் மாதத்தில், மத்திய கல்லூரி மைதானத்தில் நடைபெறுகிறது. அண்மைக் காலத்தில் இது மூன்று நாள் போட்டியாக நடத்தப்படுகிறது. ஒவ்வோர் அணியும் இரண்டு முறை துடுப்பெடுத்தாடலாம். நேரம் முடிவதற்குள் இரு ஆட்டமுறைகளும் நிறைவடையாவிடில் போட்டி வெற்றி தோல்வியின்றி முடியும். 2023 ஆம் ஆண்டில் 116 ஆவது போட்டி நடைபெற்றது.

யாழ்ப்பாணத்தில் இதைப் போன்ற வேறு போட்டிகளும் உள்ளன. அவற்றுள் புனித பத்திரிசியார் கல்லூரியும் வட்டுக்கோட்டையில் உள்ள யாழ்ப்பாணக் கல்லூரியும் மோதும் "பொன் அணிகளின் சமர்" குறிப்பிடத்தக்கது. இது 1917 இல் தொடங்கியது.

மத்திய கல்லூரியின் மாணவரான விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020 இல் லங்கா பிரிமியர் லீக்கில் யாழ்ப்பாண அணிக்காக விளையாடினார். சுழற்பந்து வீச்சாளரான இவர் 2023 இல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இலங்கை அணியிலும், 2024 இல் இந்தியன் பிரிமியர் லீக்கில் சன்ரைசர்ஸ் ஐதராபாத் அணியிலும் இடம்பெற்றார். அரசுப் பள்ளி ஒன்றின் மைதானத்திலிருந்து பன்னாட்டு அரங்குக்குச் செல்ல இயலும் என்பதற்கு இவர் சான்றாவார்.

பிற இடங்களுடன் ஒப்பீடு

அரசுப் பள்ளிகளும் தனியார் பள்ளிகளும் மோதும்போது எழும் முதன்மையான கேள்வி, அப்போட்டி சமமானதா என்பதாகும். இக்கேள்விக்கு ஒவ்வொரு நாடும் வெவ்வேறு வகையில் விடை கண்டுள்ளது.

ஐக்கிய அமெரிக்காவில் வட அமெரிக்கப் பழங்குடியினரின் விளையாட்டிலிருந்து தோன்றிய லாக்ரோஸ், மேரிலாந்து மாநிலத்தின் பால்டிமோர் வட்டாரத்தில் பள்ளி மாணவரிடையே மிகவும் செல்வாக்குப் பெற்றது. அங்கு அரசுப் பள்ளிகள் பொதுவாகத் தம் எல்லைக்குள் வசிக்கும் மாணவர்களையே சேர்க்கின்றன. தனியார் பள்ளிகளுக்கு அத்தகைய எல்லை இல்லை. திறமையான வீரர்களைத் தொலைவிலிருந்தும் அவை சேர்க்கலாம். எனவே அம்மாநிலத்தில் இருவகைப் பள்ளிகளுக்கும் வாகையர் போட்டிகள் தனித்தனியே நடத்தப்படுகின்றன. இதனால் சமமின்மை குறைகிறது. ஆயினும் இரு வகையிலும் சிறந்த அணிகளுள் எது வலியது என்ற விவாதம் தீராமல் தொடர்கிறது.

தமிழ்நாட்டில் பள்ளிக் கல்வித்துறை நடத்தும் போட்டிகள் குறுவட்டம், மாவட்டம், மாநிலம் எனப் படிப்படியாக அமைகின்றன. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, மெட்ரிக் பள்ளி ஆகியன அவற்றில் கலந்து விளையாடுகின்றன. தாம்பரம், குரோம்பேட்டை, அஸ்தினாபுரம் போன்ற சென்னைப் புறநகர்ப் பகுதிகளிலும் இம்முறையே உள்ளது. இங்கு எதிரணியைச் சீட்டுக் குலுக்கல் தீர்மானிக்கிறது. தோற்ற அணி வெளியேறுகிறது. ஆண்டுதோறும் அதே பள்ளியைச் சந்திக்கும் கட்டாயம் இம்முறையில் இல்லை.

வடக்கின் பெரும் சமர் இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது. இதில் அணிகள் பிரிக்கப்படுவதுமில்லை, வெளியேற்றப்படுவதுமில்லை. ஓராண்டு தோற்ற அணி மறு ஆண்டும் அதே மைதானத்தில் அதே எதிரணியைச் சந்திக்கிறது. சட்டம் இரு பள்ளிகளையும் இரு வகையாக்கிய பின்னரும் அச்சந்திப்பு தொடர்ந்து வருகிறது.