காழ் ஏற்றிய மரம்

குளிர்நாடுகளில் குடியேறிய தமிழர்கள் ஊருக்கு அனுப்பும் புகைப்படங்களில், வீட்டின் பின்புறத்தை ஒட்டி நிற்கும் ஒரு மரமேடையை வாசகர்கள் பார்த்திருக்கக்கூடும். 'டெக்' என்று அதைச் சொல்கிறார்கள். உட்கார்ந்து பேசவும் ஊர் பார்க்கவும் வீட்டுக்கு வெளியே நீட்டிய இடம் என்ற வகையில், நம் திண்ணைக்கு அது தூரத்து உறவு. ஆனால் திண்ணைக்குக் கூரை உண்டு, டெக்கிற்கு இல்லை. கொலராடோ போன்ற மலைமாநிலங்களில் மாதக்கணக்கில் பனி அதன்மேல் குவிந்து கிடக்கும், பின் உருகும், உருகிய நீர் பலகையின் ஒவ்வொரு வெடிப்பிலும் இறங்கி மீண்டும் உறையும். இத்தனைக்கும் அந்த மேடை பெரும்பாலும் தேக்காலோ தேவதாருவாலோ ஆனதல்ல; மட்டமான பைன் மரத்தால் ஆனது. அது எப்படி இருபது முப்பது ஆண்டுகள் மக்காமல் நிற்கிறது?

இந்தக் கேள்வியின் விடை டேராடூனில் இருக்கிறது. சோன்டி காமேசம் என்ற இந்திய அறிவியலாளரின் பெயரை நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்க வீடுகளோடு இணைந்து எழுந்த பல்லாயிரக்கணக்கான மரமேடைகள் அவர் கண்டறிந்த மருந்தைக் குடித்தே நின்றன. பனியையே பாராத அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் குமாரலிங்கபுரத்தில் இருந்துகொண்டு பனிமலை மரமேடையைப் பற்றி எழுதுவது சற்று விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் அந்த மருந்து பிறந்த தேவை, பனிநாட்டின் தேவையல்ல. கறையான் நாட்டின் தேவை.

மரத்தின் இரண்டு மரணங்கள்

மரம் இரண்டு வழிகளில் சாகிறது. ஈரம் தங்கினால் பூஞ்சை அதை மக்க வைக்கிறது. ஈரமே இல்லாத நாட்டில் கறையான் அதைச் செல்லரிக்கிறது. நம் வட்டாரத்தில் இரண்டாவதே பெரிது. பழைய ஓட்டு வீடுகளில் பனங்கைகளை நூறாண்டு காத்தவர்கள், அவற்றின் நுனி மண்சுவரைத் தொடும் இடத்தையே கவனித்துக்கொண்டிருந்தார்கள். கறையான் ஏறுவது அங்கிருந்துதான்.

இரண்டு பகைகளையும் ஒரே காட்சியில் வைத்த பழம்புலவர் ஒருவர் உண்டு. சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் பாணனின் வறுமையைச் சொல்லும்போது அடுப்பங்கரையைக் காட்டுகிறார். கழிகள் கட்டுவிட்டுச் சரிந்த பழஞ்சுவரைச் சிதல் அரித்திருக்கிறது. அரித்த புழுதியில் காளான் பூத்திருக்கிறது. சிதல் என்பது கறையான். காளான் பூஞ்சையின் கனி. வீட்டைத் தின்னும் இரு உயிர்களையும் அடுத்தடுத்து நிறுத்திய அந்தக் கண் வியக்க வைப்பது.

எதிலிருந்து மரம் தன்னைக் காத்துக்கொள்கிறது என்பதற்கும் நம்மிடம் ஒரு சொல் உண்டு: காழ். தொல்காப்பிய மரபியல், வெளியே காழ் உடையவற்றைப் புல் என்றும் உள்ளே காழ் உடையவற்றை மரம் என்றும் பிரிக்கிறது. அக்கணக்கில் எங்கள் ஊர்ப் பனை மரமல்ல, புல்! தாவரவியலாரும் இதை மறுக்கமாட்டார்கள். பனையும் புல்லும் ஒருவித்திலைத் தாவரங்களே. உள்ளே காழ் வைத்த மரங்களில், அந்த அகக்காழைத்தான் தச்சர்கள் வைரம் என்கிறார்கள். மரம் மூக்கும்போது நடுப்பகுதியில் பிசினும் நிறப்பொருள்களும் படிகின்றன. இவற்றுள் பல பூஞ்சைக்கும் பூச்சிக்கும் நஞ்சு. தேவதாருவும் தேக்கும் நிலைப்பது இதனால்தான். இமாச்சலத்தில் கல்லையும் தேவதாருவையும் அடுக்கடுக்காக மாற்றி வைத்துக் கட்டும் காட்குனி வீடுகளும், 1553இல் எழுந்த மணாலி இடும்பி கோயிலும் பனியில் நிற்பது அந்தக் காழின் வலிமையால்தான். வைரத்தைச் சூழ்ந்த வெளிறிய பகுதியில் இந்தக் காப்பு இல்லை. தச்சர் அதைச் செதுக்கி எறிவார்.

காழ் இல்லாத மரத்துக்கு மனிதன் காழ் ஏற்ற முடியுமா? மரப்பாதுகாப்பின் வரலாறு முழுவதும் இந்த ஒற்றைக் கேள்விதான்.

தண்டவாளத்தின் பசி

இக்கேள்வியை அவசரமாக்கியது ரயில். ஒரு மைல் தண்டவாளத்துக்கு ஏறத்தாழ 1,760 முதல் 2,000 குறுக்குக்கட்டைகள் வேண்டும். அவை மண்ணில் பாதி புதைந்து மழையிலும் வெயிலிலும் கிடக்கவேண்டும். இங்கிலாந்தில் 1832இல் ஜான் ஹோவர்ட் கயான் பாதரச உப்பில் மரத்தை ஊறவைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1838இல் ஜான் பெத்தெல் இன்னும் ஒரு படி போனார். மரத்தை இரும்பு உருளைக்குள் அடைத்து மூடி, முதலில் உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுப்பது; பின் நிலக்கரித் தார் எண்ணெயை நிரப்புவது; அதன்பின் அழுத்தம் கொடுத்து எண்ணெயை மரத்தின் நுண்ணறைகளுக்குள் புகுத்துவது. மேலே பூசுவதும் ஊறப்போடுவதும் தோலளவில் நின்றுவிடும். பெத்தெலின் முறை உள்ளே போனது. இன்றுவரை அழுத்தமுறை மரப்பாதுகாப்பு என்றால் அடிப்படையில் இதுதான்.

இந்தியாவில் 1853இல் பம்பாயிலிருந்தும் 1856இல் சென்னை ராயபுரத்திலிருந்தும் ரயில் ஓடத் தொடங்கியது. தேக்கும் சாலும் தேவதாருவும் வெட்டித் தீர்ந்தன. பால்டிக் கரைகளிலிருந்து தாரெண்ணெய் ஏற்றிய பைன் கட்டைகளைக் கப்பலில் கொண்டுவந்து இறக்க வேண்டிய நிலைகூட ஏற்பட்டது. 1864இல் பிராண்டிஸ் தலைமையில் வனத்துறை அமைக்கப்பட்டதற்கு இந்தக் குறுக்குக்கட்டைப் பஞ்சம் ஒரு முக்கியக் காரணம். காட்டைக் காக்கவேண்டும் என்ற எண்ணம் காட்டின் மேலுள்ள அன்பிலிருந்து பிறந்ததன்று என்பதை நாம் இங்கே நினைவில் கொள்ளவேண்டும்.

வைரம் பாய்ந்த மரங்கள் அருகியபோது, வைரமற்ற மரங்களை எப்படிப் பயன்படுத்துவது என்ற ஆராய்ச்சி தொடங்கியது. டேராடூனில் 1906இல் நிறுவப்பட்ட வன ஆராய்ச்சி நிலையத்தின் பணிகளில் இதுவும் ஒன்றாயிற்று. அங்கே ஒரு சோதனைமுறை உண்டு. மருந்திட்ட கட்டைகளையும் மருந்திடாத கட்டைகளையும் கறையான் மிகுந்த திடலில் வரிசையாகப் பாதி புதைத்து வைத்து, ஆண்டுதோறும் பிடுங்கிப் பார்ப்பார்கள். பார்வைக்குக் கல்லறை வரிசை போலிருப்பதால் அதற்குக் கல்லறைச் சோதனை என்றே பெயர். எந்த ஆய்வுக்கூடமும் தரமுடியாத விடையை அந்தத் திடலின் கறையான்கள் தந்தன.

மூன்று உப்புகள்

தாரெண்ணெய் நல்ல மருந்துதான். ஆனால் நாறும், கையில் ஒட்டும், வீட்டுக்குள் ஆகாது, விலையும் இருந்தது. நீரில் கரையும் உப்புகள் மலிவு. ஆனால் நீரில் கரைந்து ஏறியது மழைநீரில் கரைந்து இறங்கிவிடும். வந்த வழியே போகாமல் மருந்தை மரத்துக்குள் பூட்டுவது எப்படி?

காமேசம் டேராடூனின் மரப்பாதுகாப்புப் பிரிவில் பணியாற்றியவர். ஜெர்மானியப் பூஞ்சையியலாளர் ரிச்சர்ட் ஃபால்க்குடன் இணைந்து, ஆர்சனிக்கையும் குரோமிய உப்பையும் சேர்த்த ஒரு மருந்தை அவர் முதலில் உருவாக்கினார். இருவர் பெயரையும் இணைத்து அது 'ஃபால்காமேசம்' எனப்பட்டது. (ஃபால்க் யூதர். 1933இல் ஜெர்மனியை விட்டு வெளியேற நேர்ந்து, நாடு நாடாக அலைந்து, 1955இல் அமெரிக்காவில் இறந்தார்.) அதே 1933இல் காமேசம் அக்கலவையில் மயில்துத்தத்தையும், அதாவது செம்பு சல்பேட்டையும், சேர்த்தார். ஆர்சனிக் ஒரு பங்கு, மயில்துத்தம் மூன்று பங்கு, டைகுரோமேட் நான்கு பங்கு. 'அஸ்கு' என்று அது பெயர் பெற்றது. 1938இல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது.

இந்த மூன்றின் வேலைப்பிரிவினை அழகானது. செம்பு பூஞ்சையைக் கொல்கிறது. ஆர்சனிக் கறையானைக் கொல்கிறது. செம்புக்கு அஞ்சாத சில பூஞ்சைகளையும் பார்த்துக்கொள்கிறது. குரோமியம் எதையும் கொல்வதற்காக அங்கே இல்லை. மரத்தின் பொருளோடு வினைபுரிந்து தன் நிலை மாறி, மற்ற இரண்டையும் நீரில் கரையாத சேர்மங்களாக்கி மரத்தோடு பிணைத்துவிடுகிறது. நத்தத்தனாரின் சுவரில் இருந்த சிதலுக்கும் காளானுக்கும் ஒருசேர விடை கிடைத்துவிட்டது.

இங்கே ஒரு முரணும் உண்டு. இந்த மருந்து வைரத்துக்குள் எளிதில் புகாது. வெளிறிய மென்பகுதியே அதை முழுமையாக ஏற்கும். தச்சர் செதுக்கி எறிந்த பகுதி இப்போது மதிப்புப் பெற்றது. அமெரிக்கத் தென்மாநில பைன் மரத்தில் அந்தப் பகுதி அகலமானது. அதனால்தான் மலிவான அம்மரம் அங்கே கட்டுமானத்தின் அரசனாயிற்று. மேற்கு மலைகளின் டக்ளஸ் ஃபர் மரமோ மருந்தை ஏற்க மறுப்பது. அதன் மேனியெங்கும் சிறுசிறு கீறல்கள் போட்டே உள்ளே செலுத்துகிறார்கள்.

பனியில் நிற்பது

ஏழை நாட்டின் ரயில்கட்டைக்கும் கம்பத்துக்கும் பிறந்த மருந்து, 1970களுக்குப் பின் செல்வ நாட்டின் ஓய்வுமேடைக்குப் போய்ச் சேர்ந்தது. பச்சை சாயல் படிந்த அந்தப் பலகைகள் புறநகர் வாழ்வின் அடையாளங்களில் ஒன்றாகவே ஆயின.

பனிமலையில் மேடை கட்டுவோர் மருந்தை மட்டும் நம்பிவிட முடியாது. மண்ணிலுள்ள நீர் உறையும்போது விரிந்து தூணையே மேலே தள்ளும் என்பதால், கடைக்கால் உறைநிலை எட்டாத ஆழத்துக்கு, பல இடங்களில் மூன்று நான்கு அடிக்கும் கீழே, இறங்கவேண்டும். இறுகிய பனி ஒரு கன அடிக்கு இருபது பவுண்டு வரை இருக்கும் என்பதால் உத்தரங்கள் அதற்கேற்பப் பருக்கவேண்டும். மேடையை வீட்டுச் சுவரோடு பிணைக்கும் மரத்தின் மேல் தகடு வேய்ந்து நீரைத் திருப்பவேண்டும். மேடைகள் இடிந்து விழும் விபத்துகளில் பெரும்பாலும் கைவிடுவது அந்த இணைப்புதான். உண்மையில் பனி மரத்துக்குப் பகையன்று. கடுங்குளிரில் பூஞ்சை உறங்குகிறது. பனி உருகும் இளவேனிலில்தான் அது விழிக்கிறது. எங்கள் ஊரில் பனங்கையின் நுனியைக் காத்ததும், அங்கே மேடையின் இணைப்பைக் காப்பதும் ஒரே அறிவு: மரம் வேறொன்றைத் தொடும் இடத்தில்தான் அதன் சாவு காத்திருக்கிறது.

நஞ்சின் கணக்கு

ஆர்சனிக் என்பது பாடாணம். முழுவதும் பூட்டப்பட்டதாக நம்பிய மருந்து, சிறிதளவு கசிகிறது என்பதும், மேடையில் தவழும் குழந்தைகளின் கைகளில் படிகிறது என்பதும் பின்னர் தெரியவந்தது. 2002 பிப்ரவரியில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை உற்பத்தியாளர்களின் இசைவை அறிவித்தது. 2003 டிசம்பர் 31க்குப் பிறகு வீட்டுப் பயன்பாட்டு மரத்துக்கு இம்மருந்தை ஏற்றுவது அங்கே நின்றுபோனது. கம்பங்களுக்கும் கடற்கரைத் தூண்களுக்கும் தொடர அனுமதி இருந்தது. மாற்றாக வந்தவை செம்பை அதிகம் கொண்ட மருந்துகள். அவை சாதாரண இரும்பாணியை அரித்துவிடுவதால், துத்தநாகத்தில் நன்கு முக்கிய ஆணிகளும் துருவேறா எஃகு ஆணிகளும் கட்டாயமாயின.

காமேசத்தைக் குறைசொல்ல நமக்கு மனம் வரவில்லை. அவர் காலத்தின் கேள்வி ரயில்பாதைக்கானது. குழந்தைகள் தவழும் தரைக்கானதன்று. எந்த மருந்துக்கும் அது எங்கே போய்ச் சேரும் என்ற கணக்கும் உண்டு. அந்தக் கணக்கு எங்கள் கரிசல், செவல் காட்டில் இன்னும் கடுமையானது. சீமைக்கருவேலத்தைக் கரிமூட்டம் போட்டு வயிறு கழுவும் இந்த நாட்டில், எந்த மரத்துண்டும் கடைசியில் அடுப்புக்குத்தான் போகும். ஆர்சனிக் ஏற்றிய மரத்தை எரித்தால் நஞ்சு புகையிலும் சாம்பலிலும் வரும். அந்தச் சாம்பலால் பாத்திரம் துலக்குகிறவர்களிடம் யார் போய்ச் சொல்வது? மருந்தேற்றிய மரத்தின் தரம் பற்றி ஐ.எஸ். 401 போன்ற நெறிமுறைகள் நம்மிடம் உண்டு. அந்த மரம் பழசாகி உடைந்தபின் என்னாகும் என்பதை வீட்டுப் பெண்களுக்கு எட்டும் மொழியில் சொல்லும் வழக்கம் நம்மிடம் இல்லை.

வைரம் பாய நூறாண்டு ஆகும் மரத்துக்கு, சில மணி நேரத்தில் காழ் ஏற்றிக் காட்டினார் ஓர் இந்தியர். அது ஒரு சாதனை; காடுகளை ஓரளவேனும் காத்த சாதனையும்கூட. ஆனால் மரம் தானே வளர்த்துக்கொண்ட காழ் மண்ணுக்குத் திரும்பும்போது மண்ணாகிவிடுகிறது. மனிதன் ஏற்றிய காழோ மரம் போனபின்னும் போவதில்லை.