நடையும் நினைவும்

பினாங்குத் தீவில் ஜார்ஜ் டவுனுக்குத் தெற்கே அமைந்த பகுதி ஜெலுத்தோங். நெடிதுயர்ந்து வளரும் ஒரு காட்டு மரத்தின் பெயரே அவ்வூருக்கும் ஆயிற்று. பினாங்கின் பழைய கடைவீடுகளின் முன்னே மேற்கூரையோடு கூடிய நடைவழி உண்டு. அதனை மக்கள் வழக்கில் 'அஞ்சடி' என்பர். வழியின் அகலம் ஐந்தடி இருத்தல் வேண்டும் என்ற விதியிலிருந்து பிறந்த பெயர் இது. ராஃபிள்ஸ் 1822-ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு வகுத்த நகரமைப்பு விதிகளில் இத்தகைய நடைவழி இடம் பெற்றது. மலாயா நகரங்களிலும் அது பின்னர்ப் பரவிற்று. வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க ஏற்ற இவ்வழியில் குறை ஒன்றும் உண்டு. கடைக்குக் கடை தரை ஏறும், இறங்கும். இளைஞர்க்கு அது பொருட்டன்று. முதியவர்க்கோ அது விழுந்து எலும்பு முறியக் காரணமாகலாம்.

விழுதல் சிறு செய்தி அன்று. உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கின்றனர் என்று உலக நலவாழ்வு நிறுவனம் கணக்கிட்டுள்ளது. விபத்துச் சாவுகளுள் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்கே. மலேசியாவில் 2018-ஆம் ஆண்டு நடந்த தேசிய நலவாழ்வு ஆய்வின்படி, அறுபது வயது கடந்தோருள் ஏழில் ஒருவர் ஓராண்டுக்குள் ஒரு முறையேனும் விழுந்திருந்தார். விழுந்தவர் அஞ்சி வீட்டில் அடங்குவார். அடங்கியதால் தசை தளரும். தளர்ந்ததால் மீண்டும் விழுவார்.

முதியோர் விழுவது ஏன்? கால் தளர்ந்தது, கண் மங்கியது என்பதே நெடுங்காலம் சொல்லப்பட்ட விடை. அது பொய்யன்று, ஆயின் முழு விடையும் அன்று. சுவீடன் நாட்டு ஊமியோ நகர ஆய்வாளர் 1997-ஆம் ஆண்டில் எளிய சோதனை ஒன்றை வெளியிட்டனர். முதியோர் இல்லங்களில் வாழ்ந்த 58 பேருடன் நடந்துகொண்டே அவர்கள் பேச்சுக் கொடுத்தனர். 12 பேர் விடை சொல்வதற்காக நடையை நிறுத்தினர். அந்தப் பன்னிருவருள் பதின்மர் அடுத்த ஆறு மாதங்களுக்குள் விழுந்தனர். நடை தானாக நிகழ்வது போலத் தோன்றினும் அதற்கும் கவனம் வேண்டும் என்பதை இது காட்டிற்று. முதுமையில் கவனத்தின் அளவு சுருங்குகிறது. பேச்சும் நடையும் அதற்குப் போட்டியிடும்பொழுது, ஒன்று நிற்கிறது அல்லது கால் தவறுகிறது.

கவனத்தைப் பகுத்தாளும் கலை தமிழர்க்குப் புதிதன்று. அவதானம் என்றும் கவனகம் என்றும் அதனை வழங்குவர். இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் (1874–1950) 1907-ஆம் ஆண்டில் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்திப் புகழ் பெற்றார். ஒரே வேளையில் பல பொருள்களில் மனத்தை நிறுத்தப் பயிற்சியால் இயலும் என்பதற்கு அவர் சான்றாவார். எனினும் அது பெரிதும் நினைவுக் கலை. காலுக்கு அங்கே வேலை குறைவு.

காலையும் கருத்தையும் ஒருங்கே பயிற்றிய முறை ஒன்று ஐரோப்பாவில் தோன்றிற்று. ஜெனீவாவில் இசை ஆசிரியராய் விளங்கிய எமில் ழாக்-தால்குரோஸ் (1865–1950), மாணவர் தாளத்தை உடலால் உணர்தல் வேண்டும் எனக் கருதினார். பியானோ ஒலிக்கும், மாணவர் அதற்கேற்ப நடப்பர், இசை மாறிய கணமே நடையையும் மாற்றுவர். இசைக்கென்று பிறந்த இப்பயிற்சியைப் பின்னாளில் அந்நகர மருத்துவர் முதியோரிடம் சோதித்தனர். 65 வயது கடந்த 134 பேர் அவ்வாய்வில் சேர்ந்தனர். வாரம் ஒரு மணி நேரமாக ஆறு மாதம் பயின்றவர்களிடையே விழுதல், பயிலாதவர்களிடையே இருந்ததில் பாதிக்கும் கீழாகக் குறைந்தது. முடிவு 2011-ஆம் ஆண்டில் அச்சேறியது.

பினாங்கு மக்களுக்கு இதனினும் அணுக்கமானது சீனரின் தைச்சி. 1884-ஆம் ஆண்டில் அமைந்த பினாங்குத் தாவரவியல் பூங்காவில் காலை வேளையில் முதியோர் பலர் இதனைப் பயில்வதைக் காணலாம். அசைவுகளின் வரிசையை நினைவிற் கொண்டு, உடல் எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மெல்ல மாற்றுவதே இதன் இயல்பு. ஆதலின் நினைவும் நிலைப்பும் ஒருங்கே பழகுகின்றன. அமெரிக்காவில் அட்லாண்டாவில் நடந்து 1996-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வில், தைச்சி பயின்ற முதியோர்க்குத் திரும்பத் திரும்ப விழும் இடர் 47.5 விழுக்காடு குறைந்தது. ஆரிகன் மாநிலத்தில் 670 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு 2018-ஆம் ஆண்டில் வெளிவந்தது. உடலை நீட்டி வளைக்கும் பயிற்சி செய்தோரை நோக்க, தைச்சி பயின்றோர் 58 விழுக்காடு குறைவாக விழுந்தனர்.

இவற்றால் மிகையான முடிவு கொள்ளல் ஆகாது. மலாயாப் பல்கலைக்கழகத்தார் முன்பு விழுந்த முதியோர் 268 பேரை ஆராய்ந்து 2018-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். பயிற்சி, பார்வை, மருந்து, வீட்டமைப்பு ஆகியவற்றை ஆளுக்கேற்பத் திருத்தியும் விழுதல் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. மறுபுறம், 108 ஆய்வுகளைத் தொகுத்து 2019-ஆம் ஆண்டில் வந்த மதிப்பீடு, உடற்பயிற்சியால் விழுதல் 23 விழுக்காடு குறைகிறது என்கிறது. ஆகவே கால் வலிமையும் உடல் நிலைப்புமே அடிப்படை. மனப்பயிற்சி அதற்குத் துணையேயன்றி மாற்று அன்று.

கும்மியும் கோலாட்டமும் இங்கு நினைவுக்கு வரும். பாட்டு நாவில், தாளம் கையில், அடி தரையில், கண் அடுத்தவர்மேல். தால்குரோஸின் வகுப்பில் நடந்ததும் ஏறத்தாழ இதுவே. விழாக்காலத்தோடு நின்றுவிடும் இவ்வாடல்களை வாரந்தோறும் முதியோர்க்கு ஏற்றவாறு மெல்ல ஆடலாம். நிலைப்புக் குறைந்தவர், உறுதியான நாற்காலியைப் பற்றி நின்று அடி எடுத்து வைத்துக்கொண்டே மாதப் பெயர்களைத் தலைகீழாகச் சொல்லிப் பழகலாம். அருகில் ஒருவர் துணை நிற்றல் நன்று. முதலில் அடி உறுதிப்பட வேண்டும்; அதன்பின்னரே சொல் சேர வேண்டும்.

அஞ்சடியின் மேடுபள்ளத்தைச் சமன் செய்வது நகராட்சியின் கடன். ஆயினும் உலகின் எல்லாத் தரையும் சமனாகிவிடாது. சந்தைக்குச் செல்லும் பாட்டி, எதிர்வரும் பழகிய முகத்தைக் கண்டு நின்று பேசட்டும், அது நட்பு. பேசினால் நடக்க முடியாது என்பதனால் நிற்கும் நிலை மட்டும் அவருக்கு வாராதிருத்தல் வேண்டும்.