தவறணையில் பிறந்த பாட்டு

இலங்கையில் ஒரு காலத்தில் வானொலிப் பெட்டி இருந்த வீடுகளில் ஜிம் றீவ்ஸ் என்ற பெயரை அறியாதவர்கள் குறைவு. ஆங்கிலம் அதிகம் தெரியாதவர்களும் அவரது குரலை அறிந்திருந்தார்கள். நத்தார் காலம் வந்துவிட்டால், 1963இல் வெளிவந்த அவரது நத்தார்ப் பாடல் இசைத்தட்டு எங்கோ ஓரிடத்தில் சுழலத் தொடங்கிவிடும். மெதுவான, ஆழமான, காதோடு காதாகப் பேசுவது போன்ற அந்தக் குரல்தான் எம்மிற் பலருக்கு அமெரிக்கக் 'கன்ட்றி' இசையை அறிமுகம் செய்து வைத்தது. "இப்போது வருவதெல்லாம் கன்ட்றியா? ஜிம் றீவ்ஸ் பாடினாரே, அதுவல்லவா கன்ட்றி!" என்று சலித்துக்கொள்ளும் மூத்த நேயர்கள் இன்றும் உளர்.

இந்தச் சலிப்பில் ஒரு வேடிக்கை உண்டு. 1957இல் ஜிம் றீவ்ஸ் அந்த மென்மையான பாணிக்கு மாறியபோது, "இதுவா கன்ட்றி?" என்று முகஞ்சுளித்தவர்கள் அமெரிக்காவிலேயே இருந்தார்கள். அவர்கள் 'பழைய கன்ட்றி' என்று ஏங்கியது வேறொன்றுக்காக. அதன் பெயர் 'ஹொங்கி-டொங்க்'. நாம் பழையது என்று போற்றுவது, இன்னொருவர் புதியது என்று பழித்த ஒன்று. அப்படியானால் இந்த ஏக்கமெல்லாம் வெறும் மூப்பின் முணுமுணுப்புத்தானா? அல்லது உண்மையிலேயே ஏதேனும் தொலைந்து போயிற்றா? இவ்வினாவுக்கு விடைகாண வேண்டுமாயின் அந்த இசை பிறந்த இடத்துக்கு முதலிற் போக வேண்டும்.

ஹொங்கி-டொங்க் என்பது ஓர் இசையின் பெயராவதற்கு முன்னர் ஓர் இடத்தின் பெயர். நம் வழக்கிற் சொன்னால் தவறணை. 1933 டிசம்பரில் ஐக்கிய அமெரிக்காவில் மதுவிலக்கு நீங்கியது. அதற்குச் சற்று முன்னர், 1930இல், கிழக்கு டெக்ஸாஸில் பெரும் எண்ணெய் வயலொன்று கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. பொருளாதார மந்தத்தால் நிலமிழந்த விவசாயிகளும் கூலியாட்களும் வேலை தேடி அங்கே குவிந்தனர். கையிற் கூலி உண்டு, குடும்பமோ தொலைவில். ஊர் எல்லைக்கு வெளியே, நெடுஞ்சாலையோரம் எழுந்த மலிவான மரக் கட்டடங்களில் அவர்கள் மாலை வேளைகளிற் கூடினர். குடித்தார்கள், ஆடினார்கள், சண்டையிட்டார்கள். பாடகரை அழைக்கப் பணமில்லாத கடைகளில், காசு போட்டால் பாடும் 'ஜூக் பொக்ஸ்' என்ற இசைத்தட்டுப் பெட்டி நின்றது. 1936இல் ஹொங்கி-டொங்க் என்ற சொல்லைத் தலைப்பிலேயே தாங்கிய கன்ட்றிப் பாடலொன்றைப் பதிவு செய்த அல் டெக்ஸ்டர், கிழக்கு டெக்ஸாஸில் தாமே இத்தகைய மதுச்சாலை ஒன்றை நடத்தியவர்.

அதுவரை கன்ட்றி இசை வீட்டு முற்றத்திலும் தேவாலயத்திலும் வளர்ந்தது. தாயின் நினைவு, பிறந்த மலைநாடு, மோட்சத்தின் நம்பிக்கை என்பனவே அதன் பொருள். ஃபிடிலும் பான்ஜோவும் மரக் கிற்றாரும் அதன் கருவிகள். அந்த மெல்லிய ஒலி தவறணைக்குள் எடுபடவில்லை. இதற்கு நல்ல சாட்சி ஏர்னெஸ்ட் டப் என்ற டெக்ஸாஸ் பாடகரின் கதை. பிற்பகலிற் கூட்டம் சேர்ந்துவிட்டால் அவரது பாட்டு இரைச்சலில் மூழ்கிவிடுகிறதென்று ஜூக் பொக்ஸ் நடத்துநர் ஒருவர் முறையிட்டார். டப் அடுத்த ஒலிப்பதிவுக்கு மின் கிற்றார் வாசிப்பவர் ஒருவரை அழைத்துச் சென்றார். 1941இல் பதிவான 'வோக்கிங் த ஃபுளோர் ஓவர் யூ' பெரும் வெற்றி பெற்றது. ஆக, ஹொங்கி-டொங்கின் ஒலியைத் தீர்மானித்தது இசைக் கோட்பாடு அன்று, குடித்தவர்களின் இரைச்சல்.

பாட்டின் பொருளும் மாறியது. தாயையும் தேவாலயத்தையும் தவறணையிற் பாட முடியாது. அங்கே அமர்ந்திருந்தவனின் கதை பிரிவு, குடி, துரோகம், குற்றவுணர்வு என்பன. 1949இல் ஃபுளொயிட் டில்மன், மணமானவர்களின் கள்ள உறவை ஒளிவு மறைவின்றிப் பாடினார். 1952இல் கிற்றி வெல்ஸ் என்ற குடும்பப் பெண், தவறணைக்கு வரும் பெண்களைப் பழித்த ஓர் ஆணின் பாட்டுக்கு மறுமொழி பாடினார். பெண் கெட்டாளென்றால் அவளைக் கெடுத்த கணவன்மாரின் கணக்கென்ன என்பதே அப்பாட்டின் கேள்வி. ஒலிப்பதிவுக் கூலியான 125 டொலருக்காகவே பாட ஒப்புக்கொண்டதாக அவர் பின்னாளிற் சொன்னார். ஆனால் அந்தப் பாட்டோ, தனித்துப் பாடிய ஒரு பெண்ணுக்குக் கன்ட்றித் தரவரிசையில் முதலிடம் பெற்றுத் தந்த முதற் பாட்டாயிற்று.

இந்த இசையின் உச்சம் ஹாங்க் வில்லியம்ஸ். அலபாமாவில் 1923இற் பிறந்த அவர், 1949 ஜூனில் நாஷ்வில் நகரின் 'கிறாண்ட் ஓல் ஒப்றி' வானொலி மேடையேறிப் புகழடைந்தார். 1952 ஓகஸ்டில் குடியின் காரணமாக அதே மேடையிலிருந்து விலக்கப்பட்டார். 1953ஆம் ஆண்டு புத்தாண்டு நாளன்று, நிகழ்ச்சியொன்றுக்குச் செல்லும் வழியில், காரின் பின் இருக்கையில் இறந்து கிடந்தார். அப்போது வயது 29. அவரது பாட்டுகள் பாமரர் பேசும் மொழியிலேயே அமைந்தவை. இலக்கிய அன்பர்கள் அவற்றை நாட்டார் பாடல்களோடு வைத்து எண்ணிப் பார்க்கலாம். அலங்காரமில்லை, ஆனால் குறி தப்பாது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஹொங்கி-டொங்கின் சொற்கள் அழும், தாளம் அழாது. மனைவி பிரிந்த துயரைப் பாடும் அதே பாட்டுக்குச் சோடி சோடியாக ஆடலாம். 1956இல் றே பிறைஸ் பாடிய 'கிறேஸி ஆம்ஸ்' 20 வாரங்கள் முதலிடத்தில் நின்றது. காதலி கைநழுவிப் போன துயரந்தான் அதன் பொருள். ஆனால் அதன் நடைபோடும் தாளம் ஆட்களை எழுப்பி ஆடவிட்டது. ஆடுபவனுக்கும் மூலையில் தலைகவிழ்ந்து இருப்பவனுக்கும் ஒரே அறையில், ஒரே பாட்டிற் பங்கு கொடுத்ததுதான் ஹொங்கி-டொங்க்.

அந்த அறை கலைந்த கதையை ஜிம் றீவ்ஸின் இரண்டு பாட்டுகளே சொல்லிவிடுகின்றன. 1950களின் நடுவில் றொக் அன்ட் ரோல் இளைஞரை அள்ளிச் சென்றது. தொலைக்காட்சி மக்களை வீட்டிலேயே அமர்த்தியது. நாஷ்வில்லின் தயாரிப்பாளர்களான செற் அட்கின்ஸ், ஓவன் பிறட்லி போன்றோர் ஃபிடிலையும் ஸ்டீல் கிற்றாரையும் ஒதுக்கி, வயலின் குழுவையும் மெல்லிய கோரஸ் குரல்களையும் சேர்த்தனர். இதுவே 'நாஷ்வில் ஒலி' எனப்பட்டது. 1957இல் றீவ்ஸ் ஒலிவாங்கிக்கு மிக அருகே நின்று, குரலைத் தாழ்த்தி, 'ஃபோர் வோல்ஸ்' பாடினார். அதில் அவள் விளக்கொளியிலும் மதுவிலும் மயங்கி வெளியே இருக்கிறாள். அவனோ தன் அறையின் நான்கு சுவர்களுக்குள். 1959இன் இறுதியில் வந்த 'ஹீ'ல் ஹாவ் டு கோ' பாட்டில், மதுச்சாலையிலிருந்து காதலியோடு தொலைபேசியிற் பேசும் ஒருவன், ஜூக் பொக்ஸின் ஒலியைக் குறைக்கச் சொல்வதாகக் கூறுகிறான்.

1941இல் ஜூக் பொக்ஸில் தம் பாட்டுக் கேட்க வேண்டுமென்று டப் மின் கிற்றாரைச் சேர்த்தார். பதினெட்டு ஆண்டுகளில் அதே ஜூக் பொக்ஸைத் தணிக்கச் சொல்லும் பாட்டு வந்துவிட்டது. துயரம் எஞ்சியது, ஆட்டம் போயிற்று. இதனால் றீவ்ஸின் பெருமை குறையாது. ஓசை குறைந்ததாற்றான் அந்தப் பாட்டு கடல் கடந்து எங்கள் வீட்டு வானொலிக்கும் வந்து சேர்ந்தது. தவறணைக்குப் போகாத குடும்பங்கள் அதைக் கூடியிருந்து கேட்க முடிந்தது. 1964 ஜூலை 31ஆம் திகதி விமான விபத்தில் அவர் இறந்தபோது அவரது இரசிகர்கள் பல நாடுகளில் இருந்தனர்.

அன்று தொடங்கிய முறைப்பாடு இன்றளவும் ஓயவில்லை. 1965இல் கலிபோர்னியாவின் பக் ஓவன்ஸ், கன்ட்றியைத் தவிர வேறெதுவும் பாடமாட்டேனென்று நாஷ்வில் இசைப் பத்திரிகையொன்றிற் சத்தியமே செய்தார். ஆனால் 1969இல் அவரை முதலிடத்துக்குக் கொண்டு சென்ற பாட்டுகளுள் ஒன்று, சக் பெறியின் றொக் பாட்டான 'ஜொனி பி. கூட்'. தவறணைத் தாளத்தின் நாயகரான றே பிறைஸும் 1967இல் வயலின் குழு புடைசூழ 'டனி போய்' பாடிப் பழைய இரசிகரின் கோபத்துக்கு ஆளானார். 1974இல் ஒலிவியா நியூட்டன்-ஜோனுக்குச் சிறந்த பாடகி விருது கிடைத்ததும், மூத்த கலைஞர்கள் சிலர் தமக்கெனத் தனிச் சங்கமே அமைத்தனர். அடுத்த ஆண்டு விருது மேடையில், ஜோன் டென்வரின் பெயரிருந்த தாளைச் சார்லி றிச் தீயிட்டுக் காட்டினார்.

இடையிடையே பழைமை திரும்பியதும் உண்டு. 1981இல் ஜோர்ஜ் ஸ்ட்றெயிற், 1986இல் றன்டி ட்றவிஸ் என்போர் ஃபிடிலோடும் ஸ்டீல் கிற்றாரோடும் வந்து வென்றனர். 1999இல் லறி கோர்டில், லறி ஷெல் இருவரும், நாஷ்வில்லின் இசைத் தெருவிற் கன்ட்றி இசை கொலையுண்டு கிடப்பதாக ஒரு பாட்டெழுதினர். மறு ஆண்டு ஸ்ட்றெயிற்றும் அலன் ஜக்ஸனும் அதைச் சேர்ந்து பாடினர். கொலைக் குற்றஞ் சாட்டப்பட்ட அதே இசைத்துறை அந்தப் பாட்டுக்கே விருதும் வழங்கிற்று! ஏக்கமும் விலைபோகும் சரக்கென்பதை வியாபாரம் அறிந்திருந்தது.

ஆனாலும் முறைப்பாட்டை முற்றாகத் தள்ளிவிட முடியாது. 1996இல் ஐக்கிய அமெரிக்காவில் தொலைத்தொடர்புச் சட்டம் மாற்றப்பட்டது. அதற்கு முன் ஒரு நிறுவனம் நாடளாவிய ரீதியில் 40 வானொலி நிலையங்களுக்கு மேல் வைத்திருக்க இயலாது. வரம்பு நீங்கியதும் ஒரே நிறுவனம் 1,200இற்கும் மேற்பட்ட நிலையங்களுக்குச் சொந்தமாயிற்று. ஊர் வானொலியில் ஊரின் காதுக்கேற்பப் பாட்டுத் தெரிந்த அறிவிப்பாளரின் இடத்தை, தலைமையகத்தின் பாட்டுப் பட்டியல் பிடித்துக்கொண்டது. 2012இல் வந்த 'குறூஸ்' என்ற பாட்டு 24 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. அதையொட்டி வந்த பாட்டுகளில் பிக்-அப் வண்டி, பியர், வார இறுதி, அழகிய பெண் என்பவை திரும்பத் திரும்ப வந்தன. இவற்றிலும் குடி உண்டு, ஆட்டம் உண்டு. ஆனால் விடிந்தபின் வரும் தலையிடியும் வெட்கமும் வெறும் வீடும் இல்லை. றீவ்ஸின் காலம் துயரத்தை வைத்துக்கொண்டு ஆட்டத்தை விட்டதென்றால், இந்தக் காலம் ஆட்டத்தை வைத்துக்கொண்டு துயரத்தை விட்டது. இரண்டும் சேர்ந்திருந்த அந்த அறைக்குத்தான் இரசிகர்கள் ஏங்குகிறார்கள்.

எனினும் ஏக்கம் எல்லாவற்றையும் நினைவில் வைத்திருப்பதில்லை. சிறுவன் ஹாங்க் வில்லியம்ஸுக்குக் கிற்றார் பழக்கியவர் றூஃபஸ் பெயின் என்ற கறுப்பினத் தெருப்பாடகர். ஒப்றி மேடையின் தொடக்ககால நட்சத்திரங்களுள் ஒருவரான டீஃபோர்ட் பெய்லி என்ற கறுப்பினக் கலைஞர் 1941இல் நீக்கப்பட்டார். வில்லியம்ஸைப் புகழேற்றிய 'லவ்சிக் புளூஸ்' தவறணையிற் பிறந்ததன்று. நியூயோர்க்கின் தொழில்முறைப் பாட்டெழுத்தாளர்கள் 1922இல் ஆக்கியது. இன்று ஹொங்கி-டொங்கின் உயிர்மூச்சாகக் கருதப்படும் பெடல் ஸ்டீல் கிற்றாரும், 1954இல் வெப் பியர்ஸின் வெற்றிப் பாட்டொன்றில் ஒலித்தபோது புத்தம் புதியது. தூய பழைமை என்று ஒன்று அங்கும் இருந்ததில்லை. 2024இல் பியொன்சே கன்ட்றி இசைத்தொகுதித் தரவரிசையில் முதலிடம் பெற்ற முதற் கறுப்பினப் பெண்ணானபோது, "இது கன்ட்றியா?" என்று மீண்டும் கேட்டவர்கள் றூஃபஸ் பெயினை மறந்தவர்கள்.

காலத்தின் தன்மையாற் பழையது கழிவதும் புதியது புகுவதும் குற்றமாகா என்று நன்னூலார் பண்டே விதித்துவிட்டார். ஆனால் கழிந்ததற்காக வருந்துவதும் குற்றமென்று அவர் சொல்லவில்லை. எதற்காக வருந்துகிறோம் என்பதில் தெளிவு வேண்டும், அவ்வளவுதான். கிற்றாரின் வகைக்காகவோ தொப்பியின் அமைப்புக்காகவோ வருந்த வேண்டியதில்லை. அவை மாறிக்கொண்டேதான் வந்தன. பகலெல்லாம் உடல் நோக உழைத்தவன், தன் தோல்வியைத் தன் மொழியிலேயே கேட்டு, அதற்கே எழுந்து ஆடிவிட்டு வீடு திரும்பினானே, அந்த வாய்ப்பு அருகிப்போனதற்காக வருந்தலாம்.

நேயர்களே, அடுத்தமுறை ஜிம் றீவ்ஸின் அந்தத் தொலைபேசிப் பாட்டு எங்காவது காதில் விழுந்தால் சற்றுக் கவனமாகக் கேளுங்கள். அவன் ஒலியைக் குறைக்கச் சொல்லும் அந்த ஜூக் பொக்ஸில் என்ன பாட்டு ஓடியதென்று றீவ்ஸ் சொல்லவில்லை. அது ஏர்னெஸ்ட் டப்பாகவோ ஹாங்க் வில்லியம்ஸாகவோ இருந்திருக்கலாம்.